தொபியாஸ் மேல் படர்ந்த பாசி

மாதா சாட்சியாக, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே விழட்டும்.

சிலுவைத்துறையில் கல்லறைக்கு இடமில்லாமல் போனபின் இறந்தவர்களை வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். ஆளை எரித்த சாம்பலில் வார்த்த ஒரு கல், அதன்மேல் ஒட்டிய பவளத் துண்டு, கண்ணாடித் தொட்டி நிறையக் கடல்நீர். பவளம் உயிரோடு இருக்கும்வரை ஆள் வீட்டில் இருக்கலாம். பவளம் செத்தால் வண்டி வரும். தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போய்விடும்.

பிலோமினாவின் புருசன் தொபியாஸ் வீட்டுக்கு வந்த மாதமே, கல் முழுக்க மயிர்போலப் பச்சைப்பாசி முளைத்தது. பழைய பல் பிரஷால் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் அடர்த்தியாக வந்தது. பவளத்தில் பாதி மூடிப்போனதும், தொட்டி பராமரிக்கும் எபனேசரைக் கூப்பிட்டாள்.

"சாம்பல் சத்துலதான் பாசி வளருதுக்கா. பாசியும் அத்தான்தான், பவளமும் அத்தான்தான். ரெண்டையும் வச்சுக்க முடியாது" என்றான் அவன். வாளியில் ஓரா மீன் ஒன்று கொண்டுவந்திருந்தான். "இது பாசிய மேஞ்சிரும்."

"எம் புருசனையா மீனுக்குப் போடச் சொல்லுத?"

"அத்தான் தின்ன மீனுக்குக் கணக்கு உண்டாக்கா?"

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையானது. மீனைத் தன் கையாலேயே தொட்டியில் விட்டாள். அது கல்லைக் கொறிக்கத் தொடங்கியதும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"மெல்லத் தின்னு ராசா. அவுகளுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

தொபியாஸ் புயலில் வள்ளத்தோடு போனவர். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கல்லில் இருந்தது யார் சாம்பலோ, மாதாவுக்கே வெளிச்சம்.