இரண்டாவது எண்ணிக்கை

மூளைச் செல்லுக்குள் பழைய புரதத்தைச் சிதைத்துக் கழிக்கும் வேலை நின்றுபோனால், புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து செல்லையே அடைத்துவிடும். மறதி நோயில் இறந்தவர்களின் மூளையில் அந்தக் கட்டிகளை எண்ணுவதுதான் புஷ்பவல்லிக்கு முப்பது வருட வேலை. மூளைத் திசு ஒட்டிய ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடையும் இரண்டு பேர் எண்ண வேண்டும்; ஒருவர் எண்ணிக்கை எழுதிய தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. அவளே வகுத்த விதி.

உடன் வேலை பார்க்கும் தஸ்லிமா அன்று, எண்ணி முடித்த ஸ்லைடுகளின் தாள்களை ஒப்பிடும்போது, இரண்டு தாள்களோடு தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், ஏழாவது ஸ்லைடை எண்ணினது யாரு?"

"ஒரு தடவை நான், ஒரு தடவை நீ. வேற யாரு?"

"நான் இன்னும் அதைத் தொடவே இல்ல, மேடம். ஒண்ணுல திங்கட்கிழமை தேதி இருக்கு, இன்னொண்ணுல வியாழக்கிழமை. ரெண்டுமே உங்க கையெழுத்து."

புஷ்பவல்லி தாள்களை வாங்கிப் பார்த்தாள். இரண்டிலும் நாற்பத்தொன்று. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அந்த ஸ்லைடை எடு."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். ஊதாச் சாயம் ஏறிய திசு. ஓரத்தில் குதிரை லாடம்போல வளைந்த ஒரு கிழிசல். ஒருமுறை பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார்கள்.

இரண்டு முறை எண்ணியவளுக்கு, அதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது.