அடங்காத நுரை

ஆய்வகக் கழிப்பறை ஜன்னல் வழியாக விழும் காலை வெளிச்சத்தில், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் பாலிஷ்காரர் கையிலிருக்கும் சின்ன டப்பாவைத் தூக்கிப் பார்க்கிறார். பரிசோதனைக்குப் பிடித்த சிறுநீரின் மேல் நுரை கட்டி நிற்கிறது. வார்னிஷில் குமிழி வந்தால் டின்னை விரலால் தட்டித் தட்டி உடைப்பது அவர் வழக்கம். இதையும் அப்படியே தட்டுகிறார். டக், டக். நுரை ஓரத்தில் ஒதுங்குகிறதே தவிர உடைவதாக இல்லை. கதவுக்கு வெளியே மனைவியின் குரல். "என்னங்க, உள்ள சுவத்துக்கு ரெண்டு கோட்டு அடிச்சிட்டுத்தான் வருவீங்களா?" "வரேன்டி, கத்தாத." அண்ணனுக்கும் இதே நுரைதான். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், சிறுநீரில் புரதம் ஒழுகுவது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, டப்பாவில் பாதி குழாய்த் தண்ணீரைக் கலந்து கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்க் கட்டிலில் கிடந்தபோதுதான் அதைத் தம்பியின் காதில் சொன்னார். இப்போது தம்பியின் கை தானாகக் குழாயைத் திறக்கிறது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் செத்துப்போன அண்ணன் பேசுகிறார், பாலிஷ் வேலையிடத்தில் திட்டிய அதே கரகரத்த குரலில்: "தண்ணியாக் கலக்காதடா. இன்னிக்குப் பளபளன்னு இருக்கும், நாளைக்கு உரிஞ்சு வந்துடும்." பாலிஷ்காரர் சட்டென்று திரும்புகிறார். ஈரச் சுவர் மட்டும் நிற்கிறது. குழாயை மூடுகிறார். டப்பாவை நுரையோடு மூடி வெளியே கொண்டு வருகிறார். அதைப் பார்த்ததும் மனைவியின் முகத்தில் இருந்த கேலி வடிந்துபோகிறது. "என்னங்க, இவ்வளவு நுரை?" அவர் ஆய்வக ஜன்னலை நோக்கி நடக்கிறார். "அப்படியே குடுக்கச் சொல்லிட்டாரு அண்ணன்."