ஜன்னலோரத்துக் கை

"ஜெபராஜ், இந்தப் படத்துல சரசு யாரைப் பார்க்கறா?"

தையல்நாயகி டீச்சர் நீட்டிய புகைப்படத்தை ஜெபராஜ் வாங்கிப் பார்த்தான். அவனே எடுத்து, அன்று காலையில்தான் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்த படம். படகோட்டி வேஷத்தில் அரிகிருஷ்ணன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். எதிரே இளவரசி வேஷத்தில் சரசு. ஆனால் இளவரசியின் கண்கள் படகோட்டியின் மேல் இல்லை.

"இதுலயும் அப்படித்தான் மேடம். இதுலயும்." மற்ற படங்களையும் மேஜைமேல் பரப்பினான். "பாட்டு சீன் எல்லாத்துலயும் பார்வை ஒரே பக்கம்தான். அந்த இடது பக்க ஜன்னல்."

சிட்லபாக்கத்தில் மே மாதம் வந்தால், லீவு விட்ட பள்ளிக்கூட ஹாலில் குடியிருப்போர் சங்கம் ஒரு பாட்டு நாடகம் போடும். எழுதுவதும் இயக்குவதும் தையல்நாயகி. நாடகத்தன்று ஃப்ளாஷ் அடித்தால் நடிப்பவர்கள் தடுமாறுவார்கள் என்று, முழு வேஷத்தோடு நடக்கும் ஒத்திகைகளிலேயே படம் எடுத்து வாசல் போர்டில் ஒட்டிவிடுவார்கள். தாம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜெபராஜுக்கு அந்த வருஷம் அந்த வேலை.

"ஜன்னல்கிட்ட அவ புருஷன்தானே உட்கார்றார்?" என்றார் டீச்சர்.

ஆமாம். துளசிங்கம். குரோம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஒத்திகை என்றால் கடையை அடைத்துவிட்டு மனைவியோடு வந்துவிடுவான். யாரோடும் பேசமாட்டான். மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்.

"அவர் சும்மா உட்காரல மேடம். இதைப் பாருங்க."

படத்தின் ஓரத்தில், மங்கலாக ஒரு கை. மிரட்டுவதுபோல் விரல் தூக்கியிருந்தது.

டீச்சரின் முகம் சிவந்தது. "பொண்டாட்டியை மேடையேற விட்டுட்டு, காவலும் காக்கறாரா? அதான் அந்தப் பொண்ணு யார்கிட்டயும் ஒட்டறதில்ல. பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கறா. கர்வம்னு நினைச்சேன். இப்பல்ல தெரியுது, எல்லாம் பயம்!"

அன்று மாலை கடைசி ஒத்திகை. மறுநாள் நாடகம். சரசு உள்ளே வேஷம் போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் நேராக ஜன்னலுக்குப் போனார்.

"துளசிங்கம், இன்னிக்கு வெளியாள் யாரும் ஹால்ல இருக்கக் கூடாது."

அவன் பதறி எழுந்தான். "நான் இன்னா மேடம் பண்ணேன்? ஒரு ஓரமா குந்திக்கினு கீறேன்."

"வெளியில போய் உட்காருங்க. நாளைக்கும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"மேடம், நாளைக்கு ஒரு நாள் மட்டும்..."

"வெளியில போங்கன்னேன்."

அவன் போனான். கதவைச் சாத்தினார்கள்.

சரசு மேடைக்கு வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கேமராவைக் கண்ணில் வைத்திருந்த ஜெபராஜுக்கு, அவள் முகம் வெளிறியது அரிதாரத்தையும் மீறித் தெரிந்தது.

ஆர்மோனியத்தில் யேசுதாசன் முன்னிசையை வாசித்து முடித்தார். அவள் பாடவில்லை. மறுபடி வாசித்தார். அவள் கண்கள் ஹாலில் ஒவ்வொரு முகமாகத் தேடின. உதடு மட்டும் துடித்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று யேசுதாசன் பக்கவாட்டிலிருந்து கேட்டார். பதில் இல்லை.

ஜெபராஜுக்கு என்னவோபோல் இருந்தது. தான் காட்டிய படத்தால் வந்த வினை. கேமராவை வைத்துவிட்டு வெளியே ஓடினான். துளசிங்கம் வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"இன்னா சார், பாட்டைக் காணோமே?" என்று அவனே முந்திக்கொண்டு கேட்டான்.

"நீங்க வெளியில நின்னாக்கூட அவங்களுக்கு நடுங்குது. எப்படிப் பாடுவாங்க? நல்லா மிரட்டி வெச்சிருக்கீங்க!"

துளசிங்கம் கோபப்படவில்லை. "ஒரே ஒரு தபா என்னை உள்ள வுடு சார். பாடுவா."

ஜெபராஜ் தயங்கினான். உள்ளே ஆர்மோனியம் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. கதவைத் திறந்துவிட்டான்.

துளசிங்கம் ஜன்னலோரம் போய் நின்றான். சரசு அவனைப் பார்த்துவிட்டாள். முன்னிசை முடிந்தது. அவன் விரல் உயர்ந்தது. அவள் பாட ஆரம்பித்தாள்.

அரிகிருஷ்ணன் தான் மண்டியிடவேண்டியதை மறந்து நின்றான். அவ்வளவு நாளும் அவள் அப்படிப் பாடியதில்லை. துளசிங்கத்தின் கை மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் டீச்சர் அவன்மேல் பாய்ந்தார்.

"இவ்வளவு பெரிய பாட்டுக்காரியை விரலசைவுல ஆட்டி வெக்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அவ என்ன பொம்மையா?"

துளசிங்கம் மனைவியைப் பார்த்தான். டீச்சரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த சரசு மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"சொல்லிடுங்க," என்றாள். "அப்புறம் வேஷத்தைப் பிடுங்கினா பிடுங்கட்டும்."

"போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு மேடம். அதுல இவளுக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காம பூடுச்சு," என்றான் துளசிங்கம். "எங்க ஆரம்பிக்கணும்னு விரலைத் தூக்குவேன், சுருதி எறங்குனா கையை ஏத்துவேன், அவ்ளோதான்."

டீச்சர் தன் நாற்காலியை எடுத்துவந்து மேடைக்கு நேர் எதிரே போட்டு, துளசிங்கத்தின் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தார்.