ஜொஹ்ராவின் அலறல்

"ஏனுங்க, இன்னும் நான் கையே வைக்கலீங்க! அதுக்குள்ள என்ன இந்தக் கத்து?"

பிசியோதெரபிஸ்ட் தாமரைச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றொன்பதில் கொல்லிமலை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவள் அவள். செவ்வாய்க்கிழமைதோறும் முடக்குவாதக்காரர்களுக்கு விரல், மணிக்கட்டெல்லாம் நீவி, மூட்டை அசைத்துவிடுவது வேலை. மிளகு வியாபாரி மனைவி ஜொஹ்ரா வந்துவிட்டால் அன்றைக்கு அமர்க்களம்தான். வரிசையாவது ஒன்றாவது!

"எனக்குப் பாத்துட்டுத்தான் பாவாயிக்கு" என்று முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தொட்டால் போதும், "யா அல்லாஹ், உசுரு போகுதே!" என்று ஓட்டுக்கூரையே அதிரும். அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்குத் தாமரைச்செல்வியின் கை யார்மேலும் பயந்து பயந்துதான் படும்.

"பாவாயிக்காவைப் பாருங்க. அவங்களுக்கும் இதே நோவுதான். ஒரு முனகல் உண்டா?"

மலைமேலேயே குண்டனி நாட்டு ஊர்க்காரியான பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். மரவள்ளிக் காட்டில் பாடுபடுகிறவள். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"என்னம்மா பண்றது? எனக்குத் தாங்க மாட்டேங்குதே!" என்றாள் ஜொஹ்ரா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அடுத்த வாரம் ஜொஹ்ரா வரவில்லை. ராசிபுரத்தில் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ்.

அப்பாடா என்றிருந்தது தாமரைச்செல்விக்கு. பாவாயியின் கையை எடுத்து, நிம்மதியாக, நன்றாக அழுத்தி நீவினாள்.

நாலு நீவு நீவியிருப்பாள். அவள் கைமேல் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தால், பாவாயியின் கண் குளமாகி நிற்கிறது.

"ஐயோ! வலிக்குதுன்னு சொல்றதுக்கு என்னக்கா?"

"சொன்னா, இங்க ஆவாது, சேலத்துக்குப் போன்னு அனுப்பிப்போடுவீங்கன்னு பயமுங்க. நான் எங்க அம்மிணி போவேன்? இப்பத்தான் களைக்கொத்துப் புடிக்கிற அளவுக்கு விரல் மடங்குது."

"யாரும் உங்களை எங்கேயும் அனுப்ப மாட்டாங்க." தாமரைச்செல்வி பதறிப்போய் அந்தக் கையைப் பூப்போல ஏந்திக்கொண்டாள். "இப்படிப் புடிச்சா?"

"இது சொகமா இருக்குதுங்க." பாவாயியின் முகம் தெளிந்தது.

"அப்ப இத்தனை வாரமா எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்க?"

"இத்தனை வாரம் வலிக்கவே இல்லீங்களே! முன்னாடி ஜொஹ்ராக்கா கத்துன கத்துல, எனக்கும் இப்படி மெதுவாத்தானுங்களே பாத்தீங்க?" பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அக்காவுக்கு அத்தனை வலியெல்லாம் இல்லீங்க அம்மிணி. 'நீ வாயத் தொறக்க மாட்டே, உனக்கும் சேத்து நானே மொதல்ல கத்திப்போடறேன்'னு சொல்லுச்சுங்க."