வயது ஏறாத கோப்பு

"எல்லா ஃபைலுக்கும் வயசு ஏறுது. இது ஒண்ணுக்கு மட்டும் ஏறவே இல்லையே, அது எப்படிம்மா?"

மேலாளர் ஒத்திகை அக்காவின் மேசை முன் நின்று கேட்ட தோரணையில் அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. அவர் கையில் ஒரு பட்டியல். அதில் ஒரே ஒரு வரிக்குச் சிவப்பு வட்டம்.

வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. வாடிக்கையாளர்கள் போனில் திட்டுவதெல்லாம் பதிவாகி கிளவுட் கிடங்குக்குப் போய்விடும். தொண்ணூறு நாள் தாண்டிய பதிவை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவரே மேலாளர்தான். அவர் அந்தப் பக்கம் போனதும் 'ரூல்ஸ்' என்றுதான் அவரைச் சொல்வார்கள்.

அழிக்கிற வேலை ஒத்திகை அக்காவுடையது. கறுப்புத் திரையில் கமாண்ட் தட்டித்தான் அந்தக் கிடங்கை மேய்க்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் ஒரு வருஷத்துப் பதிவும் போயே போச்சு. அதனால் அக்கா கமாண்டின் வாலில் ஒரு சொல்லைச் சேர்த்து முதலில் ஒத்திகை பார்ப்பார். எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று திரை வரிசையாகச் சொல்லும், எதையும் தொடாது. அதைப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் நிஜ அழிப்பு.

"அக்கா தும்மறதுக்கே ஒத்திகை பார்ப்பாங்க" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"பேர்ல இருக்கிற தேதி போன வருஷம். கிடங்குக்கு வந்த தேதி போன வாரம். சொல்லுங்க, எப்படி?" மேலாளர் பட்டியலை அக்காவின் முன் நீட்டினார்.

"ஒரு ஃபைலை அது மேலேயே காப்பி பண்ணினா தேதி புதுசாயிடும் சார். எண்பது நாளைக்கு ஒரு தடவை நான்தான் பண்றேன்."

மறைக்கக்கூட இல்லை! மேலாளருக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரோட கால் இது? வெளியில யாருக்காவது குடுக்கிறதா ஏற்பாடா?"

"ஐயோ, இல்ல சார். ஒரே ஒரு தடவை போட்டுக் கேளுங்க, உங்களுக்கே..."

"விதியை மீறி வச்சிருக்கிற ஃபைலைக் கேட்டா நானும் மீறின மாதிரி. எல்லாரும் இங்க வாங்க!"

எல்லோரும் வந்து நின்றார்கள். வேடிக்கை என்றால் கேட்கவா வேண்டும்?

"இப்பவே, என் கண் முன்னாடி அழிங்க. ஒத்திகை கித்திகைன்னு ஆரம்பிக்காதீங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கமாண்டை நிதானமாக, கடைசி எழுத்து வரைக்கும் தட்டினார். அழிப்பதாகச் சொல்லும் ஒரு வரி திரையில் வந்தது, கூடவே அந்தக் கோப்பின் பெயரும். மேலாளருக்கு அந்தத் திரையில் புரிந்தது அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்க வேலையைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்."

மதியச் சாப்பாடு முடிந்து அவர் வந்து உட்கார்ந்தபோது, தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் காத்திருந்தது.

போன வருஷம் ஒரு வாடிக்கையாளரை மேலாளரே போனில் நாற்பது நிமிஷம் கெட்ட வார்த்தையில் திட்டினாராம். அந்த ஆள் கோர்ட்டுக்குப் போய்விட்டார். ஐந்து மணிக்குள் பதிவை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இன்றே சஸ்பெண்ட்.

மேலாளர் தேதியைப் பார்த்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே நாள்.

அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கத்தியது அந்த ஆள். இவர் நாற்பது நிமிஷமும் "சொல்லுங்க சார், கேட்டுட்டிருக்கேன்" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை பொறுமையாக இருந்ததற்கு இருந்த ஒரே சாட்சி, ஊரைக் கூட்டி அதையும் அழித்தாயிற்று.

யாரையும் தன் அறைக்கு வரவழைத்தே பழகியவர், முதல்முறையாக உதவி கேட்டு அக்காவின் மேசைக்கு நடந்து வந்தார்.

"அம்மா... அந்த ஃபைல்... திரும்ப வருமா?"

"தொண்ணூறு நாள் தாண்டினதாச்சே சார்."

"தொண்ணூறு நாள்னா என்ன, வேதவாக்கா? இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் ஒரு விலக்கு வேண்டாமா?"

"விலக்கு போன வருஷமே கேட்டேன் சார். உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்காம விட மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் அந்த ஆள் போனை வச்சார். இது உங்களுக்குத் தேவைப்படும்னு மெயில் போட்டேன். 'விதி விதிதான்'னு ஒரே வரியில பதில் போட்டீங்க."

மேலாளர் நின்ற நிலையைப் பார்த்து அக்காவுக்கே பாவமாகிவிட்டது.

"உக்காருங்க சார். காலையில நான் ஓட்டினது ஒத்திகைதான். பழக்க தோஷம். ஃபைல் அங்கேயேதான் இருக்கு."

நாலு மணிக்குப் பதிவு போனது. நாலரைக்குப் பதில் வந்தது. நடவடிக்கை இல்லை, தங்கள் பொறுமைக்குப் பாராட்டுகள்.

மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நிஜமாகவே அடித்துக்கொண்டது.

படிவங்கள் இருக்கும் இழுப்பறையைத் திறந்தார். விடுப்புக்குப் படிவம் இருந்தது. இடமாற்றத்துக்கு இருந்தது. நாற்காலி உடைந்தால் எழுதித் தரவும் ஒன்று இருந்தது. நன்றி சொல்ல மட்டும் எதுவும் இல்லை. படிவம் இல்லாமல் ஒரு காரியம் செய்து அவருக்குப் பழக்கமும் இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, இருந்ததில் ஒன்றை எடுத்து நிரப்பினார்.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அக்காவின் மேசைக்கு ஓர் உறை வந்தது.

"பாராட்டுக் கடிதம்தான் அக்கா, வேற என்ன! சத்தமா படிங்க, எல்லாரும் கேக்கட்டும்!" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அக்கா பிரித்துச் சத்தமாகவே படித்தார்.

"இன்று காலை தங்களுக்கு இடப்பட்ட உத்தரவை நிறைவேற்றாமல் விட்டது ஏன் என்று மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவும்."