சிட்டு யாருக்கு?

“நாம ஜெயிச்சுட்டோம் சார்” என்றபடி உள்ளே வந்தார் வக்கீல்.

அறையில் முதலாளி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். கடைக்கணக்குக்கான மென்பொருள் தயாரிப்பது அவர் தொழில். அதன் முகப்புத் திரைக்குச் ‘சிட்டு’ என்று பெயர் வைத்து, டிரேட்மார்க்கும் வாங்கியிருந்தார். போன வருடம் ஒரு புதுக் கம்பெனி தன் திரைக்கும் அதே பெயரை வைக்கவே, வழக்குப் போட்டுவிட்டார்.

“வாய்தாகூடக் கேட்கலை. அந்தப் பேரே எங்களுக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.”

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

“அவங்க நேர்ல வரலையா?”

“வக்கீலை அனுப்பியே முடிச்சுட்டாங்க. ஏன் சார், இவ்வளவு மெனக்கெட்டீங்க, இப்ப முகத்துல சந்தோஷமே காணோமே?”

“கேஸ் போட்டா, சண்டை போடவாவது வருவான்னு நினைச்சேன்.”

“யாரு?”

“என் பொண்ணு. கோவிச்சுக்கிட்டுப் போய்த் தனியா கம்பெனி ஆரம்பிச்சா. சின்ன வயசுல நான் அவளைக் கூப்பிட்ட பேர் அது.”

வக்கீல் மேசைமேல் கிடந்த கைப்பேசியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

“நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்களேன் சார்.”

முதலாளி அதைக் கையில் எடுத்தார்.

“கூப்பிடலாம். என்னன்னு கூப்பிடறது?”