மஞ்சள் துணிப் பரீட்சை

"உறையில இருக்க பொம்பளையைக் காட்டாதீங்க தம்பி. உள்ள இருக்க கட்டியில என்ன சேர்மானம்? அதைச் சொல்லுங்க."

சவரியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதிவதனா முகசோப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த எட்டு மாதத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. உறையில் சிரிக்கும் அழகியைக் காட்டுவான், இந்த நிறம் வரும் என்பான், அவ்வளவுதான் அவன் வியாபாரம். கொஞ்ச நாளாக அதுவும் படுத்துவிட்டது. 'கீரனூர்ல ரெண்டு பெட்டியாவது தள்ளிட்டு வா. இல்லேன்னா வராதே' என்று திருச்சி முதலாளி அன்று காலையில்தான் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் மனைவி ஞானமணிக்கு ஏழாம் மாதம்.

கீரனூர் ஆதப்பன் கடையில் சந்தைநாள் கூட்டம். கேள்வி கேட்ட அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். நூல் சேலை, கையில் ஒரு குடை.

"அமராவதியம்மா கேக்குறாங்கள்ல, சொல்லுங்க" என்றார் கடைக்காரர் ஆதப்பன்.

"தேங்காயெண்ணெய், சந்தனத் தைலம், பன்னீரு..."

"அப்புறம்?"

"அப்புறம்... வாசனைங்க."

"எண்ணெயும் பன்னீரும் சேந்தாக் கட்டியாகிருமாக்கும்? அதைக் கட்டியாக்குறது எது?"

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்களில் செவந்தி என்பவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கன்னம் இரண்டும் தோல் உரிந்து கன்றிப்போயிருந்தன.

"எதைப் போட்டாலும் மூஞ்சி காந்துதுக்கா. எனக்கு எது ஆகும்னு பாத்துச் சொல்லுங்க."

அமராவதி கடைக்காரரிடம் திரும்பினாள். "ஒரு வெள்ளைத் துணி, கொஞ்சம் மஞ்சப்பொடி கொடுங்க. தாழம்பூ சோப்பு ஒண்ணு. பச்சப்பயறு மாவும் ஒரு கை."

மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் பூசி வெளியே பிடித்தாள். ஐம்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை வெயில், கேட்க வேண்டுமா! நிமிஷத்தில் மொறமொறவென்று காய்ந்தது. மதிவதனாவையும் தாழம்பூவையும் தண்ணீர் தொட்டுத் துணியில் தனித்தனியாக இழுகினாள். பக்கத்தில் பயற்றமாவைக் கரைத்து ஒரு பொட்டு வைத்தாள்.

"ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு பட்டதும் மஞ்சத்தண்ணி செவக்குதுல்ல? அதே சங்கதிதான். காரம் பட்டா மஞ்ச செவக்கும். எம்புட்டுச் செவக்குதோ அம்புட்டுக் காரம்."

பெண்கள் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மதிவதனா பட்ட இடம் அப்பட்டமான குங்குமச் சிவப்பு. தாழம்பூ பட்ட இடம் லேசாகச் சிவந்திருந்தது. மாவு வைத்த இடத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அடேயப்பா, என்ன மூளை இந்த அம்மாளுக்கு! தன் பிழைப்பில் மண் விழுகிறது என்பதைக்கூட மறந்து வாயைப் பிளந்து நின்றான் சவரியப்பன்.

"காஞ்ச மூஞ்சிக்காரவுக பயத்தமாவே போடுங்க, சோப்பே வேணாம்" என்றாள் அமராவதி. "எண்ணெய் வழியிற மூஞ்சிக்குத் தாழம்பூ போடலாம். அதுலயும் காரம் இருக்கு, கொறச்சல், அம்புட்டுத்தான். ஒரு நாளைக்கு ஒருதரத்துக்கு மேல போடாதீங்க."

செவந்திக்கு இன்னும் சந்தேகம். சவரியப்பனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க தம்பி. இதை நான் போடலாமா, கூடாதா?"

இப்படி இக்கட்டு வந்தால் சொல்வதற்கென்றே முதலாளி ஒரு பதில் வைத்திருந்தார். 'மருந்துச் சத்து அதிகம், அதனாலதான் செவக்குது.' சொன்னால் இரண்டு பெட்டியும் விற்றுப் போய்விடும். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வேணாங்கக்கா. கட்டியாக்கப் போடுற சோடாக் காரம் கூடுதல்தான். காய்ச்சி ஊத்துன கட்டி ஒரு மாசமாவது ஆறணும். எங்க மொதலாளி மூணாம் நாளே அறுத்து உறையில போட்டுருவாரு."

ஆதப்பன் மதிவதனா பெட்டியை அவன் பக்கமே தள்ளிவிட்டார். செவந்தி பயற்றமாவு வாங்கிக்கொண்டு போனாள்.

பஸ் ஸ்டாண்டில் அமராவதி திருமயம் பக்கம் போகும் பஸ்ஸுக்காகக் குடையை விரித்து நின்றிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடமே போனான் சவரியப்பன். கோபம் வர வேண்டிய இடத்தில் அவனுக்கு மரியாதைதான் பொங்கி வந்தது.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நானும் எத்தனையோ கடை பாத்துட்டேன், ஒங்கள மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்ல. இம்புட்டு வெவரம் தெரிஞ்சவுக சும்மா வீட்ல இருக்கலாமா? எங்க மொதலாளிகிட்டச் சொல்லி ஒங்களுக்கு ஒரு வேலை போட்டுத் தரச் சொல்றேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கு வேலை வாங்கித் தர மொதல்ல ஒங்களுக்கு அங்க வேலை இருக்கணும்ல தம்பி?"

அவன் தலை குனிந்தது. "இருக்காதுங்க. இன்னையோட சரி. என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல."

பஸ் வந்து நின்றது. அவள் குடையை மடக்கிப் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"திங்கக்கிழமை திருமயத்துக்கு வாங்க. தாழம்பூ சோப்பு எங்க காய்ச்சுறாகன்னு கேட்டா என் வீட்டைக் காட்டுவாக. இப்படி உள்ளதைச் சொல்லி அதை விக்கிறதுக்குத்தான் ரெண்டு வருஷமா ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன்."